ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகம்

திருப்பூர் பின்னலாடைக் கம்பெனிகளில் காஸ்டிங் வேலை, அதாவது ஓர் உடுப்புக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் போடும் வேலை, பார்ப்பவர்கள் எல்லோரிடமும் ஓர் எக்செல் ஃபைல் இருக்கும். முதலில் போட்டது யார் என்று யாருக்கும் தெரியாது. கம்பெனி மாறினால் பென்டிரைவில் அதுவும் கூடவே வரும். உடம்பு நீளம், கை நீளம், மார்பளவு, ஜிஎஸ்எம் நான்கையும் அடித்தால் ஒரு டஜன் டி-ஷர்ட்டுக்கு எத்தனை கிலோ துணி வேண்டும் என்று சொல்லிவிடும். அந்தக் கட்டத்தைத் திறந்து பார்த்தால், எல்லாவற்றையும் பெருக்கிக் கடைசியில் ஒரு கோடியால் வகுத்திருப்பார்கள். எதற்கு ஒரு கோடி என்று எங்கள் கட்டிங் மாஸ்டரைக் கேட்டேன். "அது எப்பவுமே அப்படித்தானுங்கக்கா" என்றார்.

காரணம் ரொம்பச் சாதாரணம். நீள அகலம் சென்டிமீட்டரில் இருக்கிறது. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. சதுர சென்டிமீட்டரைச் சதுர மீட்டராக்க 10,000-ஆல் வகுக்க வேண்டும், கிராமைக் கிலோவாக்க 1,000-ஆல். இரண்டும் சேர்ந்தால் ஒரு கோடி. அவ்வளவுதான். ஆனால் அந்த ஃபைல் ஒரு பக்கம்தான் ஓடும். ஆர்டர் தரும் பையர் ஒரு விலையைச் சொல்லி, "டஜனுக்கு 2.2 கிலோவுக்கு மேல் போகக் கூடாது, எந்த ஜிஎஸ்எம் தருவீர்கள்?" என்று கேட்டால், 180, 170, 165 என்று மாற்றி மாற்றி அடித்துப் பார்ப்பதுதான் எல்லா ஆபீஸிலும் நடப்பது. ஃபார்முலாவைப் பின்பக்கமாகத் திருப்பத் தெரிந்தால் ஒரே கணக்கு. அப்படித் திருப்புவதற்குப் பெயர்தான் இயற்கணிதம். எனக்கு அது வேண்டியிருந்தது.

நான் பிளஸ் டூவில் தொழிற்பிரிவு. பத்தாம் வகுப்போடு கணக்கு முடிந்துபோனது. இப்போது நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. இணையத்தில் தேடினால் வீடியோக்களும் ஆப்களும் கோர்ஸ்களுமாகக் கொட்டிக் கிடக்கின்றன. எனக்குப் பயன்பட்டவை நாலைந்துதான். அவற்றைப் பற்றித்தான் இது.

முதலில், எங்கே ஆரம்பிப்பது. இயற்கணிதம் வரவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலானோருக்கு வராதது இயற்கணிதம் இல்லை. பின்னமும் குறை எண்ணும்தான். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து சமன்பாட்டைப் பார்த்துப் பயப்படுவோம். உண்மையில் கை நிற்பது 2/3-ஐ 4/5-ஆல் வகுக்கும் இடத்தில். அதனால் ஆறாம் வகுப்பிலிருந்து ஆரம்பியுங்கள். கௌரவம் பார்க்க வேண்டாம். பெரியவர்களுக்கு ஆறாம் வகுப்புப் புத்தகம் ஓடுகிற வேகமே வேறு. பல பாடங்கள் ஒரு மாலையில் முடிந்துவிடும், எது முடியவில்லையோ அதுதான் ஓட்டை.

தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்களை விடச் சிறந்த ஆரம்பம் இல்லை. இது ஊர்ப்பாசத்தில் சொல்வதில்லை. 2018-19-இலும் அடுத்த ஆண்டிலும் வந்த புதிய பாடத்திட்டப் புத்தகங்களை, பழைய புத்தகத்தின் நினைப்பிலேயே இருப்பவர்கள் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். எல்லா வகுப்புக்கும், தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டுக்கும், பிடிஎஃப் கழகத்தின் இணையதளத்தில் இலவசம். ஆறும் ஏழும் முப்பருவ முறை என்பதால் மெல்லிய புத்தகங்கள். முடித்தோம் என்ற திருப்தி சீக்கிரம் கிடைக்கும். ஆறாம் வகுப்பு முதல் பருவத்திலேயே இயற்கணித அறிமுகம் வந்துவிடுகிறது, தீக்குச்சிகளை வரிசையாக அடுக்கி. சதுரங்களைத் தனித்தனியாக அடுக்கினால் ஒன்றுக்கு நான்கு குச்சி, இரண்டுக்கு எட்டு, மூன்றுக்குப் பன்னிரண்டு. அப்படியானால் எத்தனை சதுரமானாலும் அதன் நான்கு மடங்கு. மாறி என்றால் என்ன என்பதை இதைவிட அமைதியாகச் சொல்ல முடியாது.

மூன்றாம் பருவத்தில் பின்னங்களும் முழுக்களும். ஏழாம் வகுப்பில் முழுக்களின் பெருக்கல், நேர் எதிர் விகிதங்கள், சதவீதம். எட்டில் இயற்கணிதம் கொஞ்சம் கனமாகிறது, வாழ்வியல் கணிதத்தில் லாப நட்டமும் தள்ளுபடியும் வருகின்றன. ஒன்பதில் கண மொழியைத் தாண்டி நேராக மெய்யெண்கள், அப்புறம் இயற்கணிதம். வடிவியல், முக்கோணவியல் எல்லாம் இந்தச் சுற்றில் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டேன். பரீட்சை எழுதப் போவதில்லை என்பதில் இருக்கும் சுகமே இதுதான். பத்தாம் வகுப்பில் பல்லுறுப்புக் கோவைக்கு வகுத்தல் முறையில் வர்க்கமூலம் காண்பது என்று ஒன்று இருக்கிறது. அதையும் தயங்காமல் தாண்டலாம்.

எதிர் விகிதப் பாடம் எனக்கு உடனே ஒட்டிக்கொண்டது. நூல் கவுன்ட்டே அதுதானே. ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜ நீள நூல் சிட்டங்கள் (நூல் கட்டுகள்) எத்தனை என்பதுதான் கவுன்ட். எண் ஏற ஏற நூல் மெலியும். 40-ஆம் நம்பர் 30-ஐ விட மெல்லிசு. வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லோரும் இதில் தடுமாறுவார்கள். "நம்பர் பெரிசானா நூலு சின்னதாகும்" என்று மனப்பாடம்தான் சொல்லிக்கொடுப்போம். சதுரம் போட்ட தாளில் ஒருமுறை எதிர் விகித அட்டவணை எழுதிப் பார்த்தால் மனப்பாடமே தேவையில்லை.

புத்தகத்தை எப்படிப் படிப்பது என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. எடுத்துக்காட்டைப் படித்து "சரி, புரிகிறது" என்று பக்கத்தைப் புரட்டினால் எதுவும் நிற்காது. எடுத்துக்காட்டின் கேள்வியை மட்டும் பார்த்துவிட்டு, தீர்வைக் கையால் மறைத்துக்கொண்டு, நாமே போட்டுப் பார்த்த பிறகுதான் திறக்க வேண்டும். 'இவற்றை முயல்க' பெட்டிகளை விடவே கூடாது. மேற்சிந்தனைக் கணக்குகளை முதல் சுற்றில் விட்டுவிடலாம். பின்னால் விடைகள் இருக்கின்றன. மொபைலில் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. ஜெராக்ஸ் கடையில் வேண்டிய பாடங்களை மட்டும் இரண்டு பக்கமும் பிரின்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்துகொண்டேன். பரீட்சை முடிந்த மே மாதத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால் புத்தகமே கிடைக்கும்.

புத்தகம் விதியைச் சொல்லி, காரணத்தைச் சுருக்கமாக முடித்துவிடும் இடங்கள் உண்டு. பின்ன வகுத்தலில் "தலைகீழாக்கிப் பெருக்கு" என்பது அப்படி ஒன்று. எனக்கு இது துணியில்தான் பிடிபட்டது. மூன்று மீட்டர் துணியைக் கால் மீட்டராக வெட்டினால் பன்னிரண்டு துண்டு. அதாவது கால் என்ற 1/4-ஆல் வகுப்பதும் 4-ஆல் பெருக்குவதும் ஒன்று. சரி, முக்கால் மீட்டராக வெட்டினால்? அந்தப் பன்னிரண்டு கால்களையும் மூன்று மூன்றாகச் சேர்க்க வேண்டும், நான்கு துண்டு. முதலில் 4-ஆல் பெருக்கினோம், பிறகு 3-ஆல் வகுத்தோம். 3/4-ஆல் வகுக்கச் சொன்னால் 4/3-ஆல் பெருக்குகிறோமே, அதற்கு இதுதான் காரணம். தலைகீழாக்குவதில் மாயம் எதுவும் இல்லை.

குறையும் குறையும் பெருக்கினால் ஏன் மிகை என்பது இன்னொன்று. இதற்கு வீடியோக்கள் ஏகப்பட்டது இருக்கின்றன, பல "இது ரூல், ஞாபகம் வெச்சுக்கோங்க" என்று முடிகின்றன. ஒரு தாளில் இப்படி எழுதிப் பாருங்கள்: 3 × (−2) = −6. 2 × (−2) = −4. 1 × (−2) = −2. 0 × (−2) = 0. ஒவ்வொரு படியிலும் விடை இரண்டு இரண்டாக ஏறுகிறது. அடுத்த படி (−1) × (−2). ஏற்றம் நிற்கக் காரணம் இல்லை, விடை 2. பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய நூலிலேயே இந்த விதிகளைச் சொல்லிவிட்டார். மிகையைச் செல்வம் என்றும் குறையைக் கடன் என்றும் வைத்து, இரண்டு கடன்களின் பெருக்கம் செல்வம் என்று. அதற்கப்புறம் ஆயிரம் வருடம் கழித்தும் ஐரோப்பாவில் படித்த கணித அறிஞர்களே குறை எண்களை நம்பத் தயங்கியிருக்கிறார்கள். நமக்குக் குழம்பினால் வெட்கப்பட என்ன இருக்கிறது?

சரி, வீடியோக்கள். தமிழில் கல்வித் தொலைக்காட்சியின் யூடியூப் சேனலில் வகுப்பு வாரியாகப் பாடங்கள் இருக்கின்றன. 2019-இல் தொடங்கியது, கொரோனா காலத்தில் நிறையச் சேர்ந்தது. புத்தகத்தின் வரிசையிலேயே போவதால் எந்தப் பக்கத்தில் மாட்டினோமோ அதே பக்கத்துக்கு வீடியோ கிடைக்கும். பாடநூலில் இருக்கும் க்யூஆர் கோடுகளை தீக்‌ஷா ஆப்பில் ஸ்கேன் செய்தாலும் சில இடங்களில் நல்ல விளக்கம் வரும், சில இடங்களில் ஏமாற்றும்.

ஆங்கிலம் ஓரளவு ஓடினால் கான் அகாடமி. சல்மான் கான் என்பவர், நடிகர் இல்லை, அமெரிக்காவில் இருந்துகொண்டு வேறு ஊரில் இருந்த உறவுக்காரப் பெண்ணுக்கு கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததில் வளர்ந்தது. லாப நோக்கமில்லாத அமைப்பு. பாடங்களும் பயிற்சிகளும் இலவசம், விளம்பரம் கிடையாது. எல்லோரும் அதன் வீடியோக்களைப் புகழ்வார்கள். எனக்கு அதில் பிடித்தது பயிற்சிகள். ஒரு கணக்கு தப்பானால் படிப்படியாகத் திறந்து காட்டும், அப்புறம் அதே மாதிரி இன்னொன்று கொடுக்கும், சளைக்காமல். மனுஷ வாத்தியாருக்கு அந்தப் பொறுமை வராது. எந்தப் பாடத்திலும் யூனிட் டெஸ்டை முதலில் எழுதிப் பார்த்துவிட்டு, தப்பானதை மட்டும் படிப்பது நல்ல வழி. அதில் வரும் புள்ளிகள், பேட்ஜ் பக்கம் மட்டும் போகாதீர்கள். தெரிந்த கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுப் புள்ளி சேர்க்கத் தோன்றும்.

அதிகம் பேர் சொல்லாத ஒன்று ஓபன்ஸ்டாக்ஸ். அமெரிக்காவில் ஹூஸ்டனில் இருக்கும் ரைஸ் பல்கலைக்கழகம் வெளியிடும் இலவசப் பாடநூல்கள். அதில் 'ப்ரீஆல்ஜீப்ரா', 'எலிமென்டரி ஆல்ஜீப்ரா' இரண்டும் நம்மைப் போன்றவர்களுக்கே எழுதியவை. கல்லூரியில் சேர்ந்த பிறகு அடிப்படைக் கணக்கை மறுபடி படிக்க வேண்டியவர்களுக்கு. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் சின்னதாக ஒரு முன்தேர்வு. இந்தக் கணக்கு வரவில்லையா, இன்ன எடுத்துக்காட்டுக்குத் திரும்பிப் போ என்று எண்ணோடு சொல்லும். நான் பார்த்ததில் ஓட்டையைக் கண்டுபிடிக்க இதைவிட நேர்மையான ஏற்பாடு இல்லை. ஒரே தொல்லை கேலன், மைல், அப்புறம் நாணயக் கணக்குகளில் வரும் நிக்கலும் டைமும். நிக்கல் 5 சென்ட், டைம் 10 சென்ட், குவார்ட்டர் 25 சென்ட் என்று ஒரு ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். நான் நிக்கலையும் டைமையும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயமாக்கிப் போட்டேன், கணக்கு மாறாது.

இரண்டு மொழியிலும் படிப்பதால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்: தொகுதி நியூமரேட்டர், பகுதி டினாமினேட்டர், கெழு கோஎஃபிஷியன்ட், காரணி ஃபேக்டர் என்று. ஒரு பக்கம் நிறைவதற்குள் தேவைப்படும் சொற்கள் எல்லாம் வந்துவிட்டன.

கேமராவில் கணக்கைக் காட்டினால் விடை போட்டுத் தரும் ஃபோட்டோமேத் போன்ற ஆப்களைப் பற்றிக் கேட்பார்கள். படிகளையும் காட்டுகின்றன, நல்லதுதான். ஆனால் சமன்பாட்டுக்கு விடை சரியா என்று பார்க்க யாரும் தேவையில்லை என்பதுதான் இயற்கணிதத்தின் அழகே. வந்த எண்ணை எடுத்து முதல் வரியில் போட்டுப் பார்த்தால் தீர்ந்தது.

புத்தகத்தில் எக்ஸ் என்று இருக்கும், நான் இங்கே க என்று எழுதுகிறேன். 3 − 2(க − 4) = 5. எங்கள் ஆபீஸ் அக்கவுன்ட்ஸ் தம்பியிடம் கொடுத்தேன், பி.காம். படித்தவர். 3 − 2க + 8 = 5 வரை சரியாக வந்தார், −2 × −4 = +8 என்பதில் தடுக்கவில்லை. −2க = −6 என்றும் வந்துவிட்டது. அடுத்த வரியில் "அந்தப் பக்கம் போனா குறி மாறும்க்கா" என்று −2-ஐத் தூக்கிக்கொண்டுபோய் +2 ஆக்கி, −6 + 2, க = −4 என்றார். பள்ளிக்கூடத்தில் நமக்கெல்லாம் மந்திரம் போலச் சொல்லித்தந்த வாக்கியம் அது. எதுவும் எந்தப் பக்கமும் போவதில்லை. இரண்டு பக்கமும் ஒரே காரியத்தைச் செய்கிறோம். கூட்டியிருந்தால் இரண்டு பக்கமும் கழிக்கிறோம், பெருக்கியிருந்தால் இரண்டு பக்கமும் வகுக்கிறோம். −2 இங்கே க-வோடு பெருக்கியிருக்கிறது; இரண்டு பக்கத்தையும் −2-ஆல் வகுத்தால் க = 3. முதல் வரியில் போட்டுப் பாருங்கள்: 3 − 2(−1) = 3 + 2 = 5. சரி. −4-ஐப் போட்டால் 3 − 2(−8) = 19. தம்பி தன் விடையைத் தானே கோடு போட்டு அடித்துவிட்டார்.

இதே வித்தைதான் அந்த எக்செல் ஃபைலைத் திருப்புவதும். உடம்பும் கையும் தையல் அலவன்ஸும் (தையலுக்கு விடும் கூடுதல் துணி) சேர்த்து நீளம் 104 செ.மீ., பாதி மார்பளவும் அலவன்ஸும் 54 செ.மீ. என்று வைப்போம். முன்னும் பின்னும் என்று இரண்டு, டஜனுக்குப் பன்னிரண்டு. 104 × 54 × 2 × 12 = 1,34,784. இதை ஜிஎஸ்எம்மால் பெருக்கி ஒரு கோடியால் வகுத்தால் கிலோ. 180 ஜிஎஸ்எம் என்றால் 2.43 கிலோ வருகிறது. பையர் சொல்வது 2.2. ஜிஎஸ்எம்மைத் தெரியாத எண்ணாக வைத்து, இரண்டு பக்கத்தையும் ஒரு கோடியால் பெருக்கி, 1,34,784-ஆல் வகுத்தால் 163 சொச்சம். ஆக 160 ஜிஎஸ்எம் தரலாம், 165 முடியாது. மாற்றி மாற்றி அடிக்கத் தேவையில்லை. இதை ஃபைலில் ஒரு புதுக் கட்டமாகவே போட்டுவிட்டேன். இப்போது பக்கத்து டேபிளிலும் ஓடுகிறது. சில வருடம் கழித்து இதையும் யாராவது "எப்பவுமே அப்படித்தான்" என்பார்கள்.

கோடுகள் வரைந்து பார்க்க ஜியோஜீப்ரா, டெஸ்மாஸ் இரண்டும் இலவசம், மொபைலிலும் ஓடும். பாடநூலின் 'இணையச் செயல்பாடு' பெட்டிகளே ஜியோஜீப்ராவுக்குத்தான் அழைத்துப்போகும். இரண்டு மாறிச் சமன்பாடுகளுக்கு வரும்வரை இவை தேவைப்படாது. வந்த பிறகு, இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் விடை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் நீக்கல் முறையும் பிரதியிடல் முறையும் அர்த்தத்தோடு தெரியும்.

காசு கட்டிச் சேரும் ஆன்லைன் வகுப்புகளை நான் சிபாரிசு செய்யமாட்டேன். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் கதை வேறு. குரூப் 4-இல் திறனறிவுப் பகுதிக்கு 25 கேள்வி, நேரம் துரத்தும், அங்கே குறுக்குவழி கற்றுத்தரத்தான் வேண்டும். நமக்கு அவசரம் இல்லை. குறுக்குவழி இல்லாமல் நீளமாகப் போட்டுப் பழகினால்தான் நாளைக்கு வேறு ஃபார்முலா வந்தாலும் கை ஓடும்.

போவதற்கு முன் ஒரு கணக்கு. கிரே துணியை, அதாவது சாயம் போடாத துணியை, டையிங்குக்கு அனுப்பினால் ப்ராசஸ் லாஸ், அதாவது எடைக் குறைவு, 8 சதவீதம். திரும்பி வந்த துணியை வெட்டினால் கட்டிங் வேஸ்ட் 12 சதவீதம். கடைசியில் வெட்டிய பீஸ் 500 கிலோ கைக்கு வர வேண்டும் என்றால், முதலில் எத்தனை கிலோ கிரே துணி வாங்க வேண்டும்?

விடை 617.6 கிலோ. 500-ஐ 0.88-ஆலும் 0.92-ஆலும் வகுத்தால் வரும். உங்களுக்கு 600 வந்திருந்தால் ஏழாம் வகுப்பு மூன்றாம் பருவம், சதவீதப் பாடம். 625 வந்திருந்தால் பாதி வழி வந்துவிட்டீர்கள். சமன்பாட்டை ஒரே தடவையில் எழுதாமல், டையிங்குக்கு ஒன்று, கட்டிங்குக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்து எழுதிப் பாருங்கள்.